ஓடும் இரத்தத்தை ஓடும்போதே பார்க்க வேண்டும்



ஐப்பசி மாதத்து மாலை வேளைகளில் சிவகிரிக்கு மேற்கே மலையின்மீது மின்னல் வெட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை மின்னல் கண்ணில் பட்டதும் கடிகாரத்தைப் பாருங்கள். (வீட்டுக்குள் இருந்தபடியே செய்யுங்கள், திறந்த வெளியில் வேண்டாம்.) மூன்று வினாடி கழித்து இடி கேட்டால், அந்த மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் வெட்டியது என்று பொருள். ஆறு வினாடி என்றால் இரண்டு கிலோமீட்டர். ஒளி வந்து சேர ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே வேண்டியதில்லை. ஒலிதான் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வீதம் மெல்ல நடந்து வருகிறது.

இடி எப்படிப் பிறக்கிறது? மின்னல் பாய்ந்த வழியில் இருந்த காற்று திடீரென்று சூடாகிறது. சூடானது விரிகிறது. அந்தத் திடீர் விரிவு பக்கத்துக் காற்றை மோதித் தள்ளுகிறது. அதுவே நம் காதுக்கு வரும்போது இடி. முதலில் வெப்பம், பிறகு விரிவு, பிறகு ஒலி. இந்த வரிசையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்டெலியின் மூளைக்குள் இரத்தம் ஓடுவதை இன்று கண்ணெதிரே காட்டும் ஒரு கருவி இந்த வரிசையைத்தான் பயன்படுத்துகிறது. அதற்கு ஒளியொலி நுண்ணோக்கி என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரத்தத்தின்மீது மின்னலைப் போல ஒளியை வெட்டி, அங்கிருந்து எழும் குட்டி இடியைக் கேட்கும் நுண்ணோக்கி அது.

மூளையில் இரத்தம் ஓடுவதை ஏன் பார்க்க வேண்டும்? நம் உடல் எடையில் மூளையின் பங்கு நூற்றில் இரண்டுதான். ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. இவ்வளவு செலவாளியான உறுப்பு, சேமித்து வைக்கும் பழக்கமே இல்லாதது. கேட்டவுடன் இரத்தம் வர வேண்டும். வராவிட்டால் சில நிமிடங்களிலேயே செல்கள் சாகத் தொடங்கும்.

மூளை எப்படிக் கேட்டு வாங்குகிறது என்பதைச் சிவகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் குளத்தை நிரப்புகின்றன. குளத்து மடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். எல்லா வயலுக்கும் எப்போதும் ஒரே அளவு தண்ணீர் விடுவதில்லை. எந்த வயல் காய்கிறதோ அந்த வயலின் வாய்மடையைத் திறந்துவிடுகிறார்கள். மூளையிலும் இதுதான் நடக்கிறது. நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது, மூளையின் பின்புறத்தில் பார்வைக்கு உரிய பகுதியில் நுண்தமனிகள் விரிந்து கூடுதல் இரத்தம் பாய்கிறது. மூளையின் வேலைக்கும் இரத்த ஓட்டத்துக்கும் இப்படி ஓர் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று ராய், ஷெரிங்டன் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1890-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள்.

இனி இதன் மறுபக்கம். பக்கவாதம் வந்த ஒருவரையாவது உங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோருக்கு மூளைக்குப் போகும் குழாய் ஒன்றில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதே காரணம். அடைப்பு ஏற்பட்ட நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தினால் பலரைக் காப்பாற்ற முடிகிறது. அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்ளே இருப்பது அடைப்பா, இரத்தக் கசிவா என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிவகிரியிலிருந்து தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ போய்ச் சேரும் நேரமும் இந்த நாலரை மணிக்குள்தான் அடக்கம். ஆகவே வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, "சற்றுப் படுத்து எழுந்தால் சரியாகும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த கட்டம். சில சமயம் மருத்துவர்கள் அடைப்பை நீக்கிவிடுகிறார்கள். பெரிய குழாய் திறந்துவிடுகிறது. படத்திலும் அது திறந்தே தெரிகிறது. ஆயினும் நோயாளி தேறுவதில்லை. ஏன்? தலைவாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது; வயலுக்குள் போகும் சிறு கால்கள் தூர்ந்து கிடக்கின்றன. மூளையில் அந்தச் சிறு கால்களுக்குத் தந்துகிகள் என்று பெயர். ஒரு சிவப்பணு நெருக்கிக்கொண்டு நுழையும் அளவுக்கே அவை அகலமானவை. பெரிய குழாய் திறந்தும் தந்துகிகளில் ஓட்டம் திரும்பாத இந்த நிலையை 1968-இலேயே விலங்குகளின் மூளையில் கண்டு எழுதியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் இதன் காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். குழாய் இருக்கிறதா என்று பார்ப்பதும் குழாயில் ஓட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதும் வேறு வேறு வேலைகள். நம் ஊர் வாய்க்கால்களின் வரைபடம் தாலுகா அலுவலகத்தில் இருக்கலாம். இன்று தண்ணீர் வருகிறதா என்பதை அந்த வரைபடம் சொல்லாது.

எம்.ஆர்.ஐ. கருவி இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப் புலத்தில் வேறு வேறாக நடந்துகொள்கின்றன. பாலிங், கோரியெல் என்ற இருவர் இதை 1936-இல் காட்டினார்கள். (பொருள்களின் காந்தப் பண்பை அளப்பதில் அந்தக் காலத்திலேயே உலகப் புகழ் பெற்ற கே. எஸ். கிருஷ்ணன், சிவகிரியிலிருந்து மலையோரமாகவே வடக்கே போனால் வரும் வத்திராயிருப்பில் பிறந்தவர். உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் என்பதால் சொல்லி வைத்தேன்.) 1990-இல் ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அந்தக் காந்த வேறுபாட்டை வைத்தே மூளையில் எங்கே இரத்தம் மாறுகிறது என்று படம் பிடிக்கும் வழியைக் கண்டார். அருமையான வழி. மனித மூளையை வெட்டாமல், தொடாமல் பார்க்கலாம். ஆனால் அந்தப் படத்தின் ஒரு புள்ளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம். ஒரு புள்ளிக்குள் எத்தனையோ தந்துகிகள் அடங்கிவிடும். ஊர் முழுவதும் எவ்வளவு தண்ணீர் பாய்ந்தது என்று தெரியும். எந்த வயல் காய்ந்தது என்று தெரியாது.

இங்கேதான் நம் குட்டி இடி உதவுகிறது. ஒளியை உறிஞ்சும் பொருள் ஒலி எழுப்பும் என்பதைக் கண்டவர் தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். 1880-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய உதவியாளர் டெய்ன்டரும், துளைகள் உள்ள ஒரு தட்டைச் சுழலவிட்டு, அதன் வழியே வரும் வெயிலை விட்டுவிட்டு விழச் செய்தார்கள். வெயில் பட்ட பொருளிலிருந்து ரீங்காரம் கேட்டது. கறுப்புப் பொருள்கள் உரக்கப் பாடின. விளக்குப் புகைக்கரி எல்லாவற்றிலும் உரக்கப் பாடியது. எது அதிக ஒளியை விழுங்குகிறதோ அது அதிகம் ஒலிக்கிறது.

அதன் பிறகு இந்த விளைவு நீண்ட காலம் ஏறத்தாழ உறங்கியது. 1960-இல் லேசர் வந்தது. நுட்பமான ஒலி உணரிகள் வந்தன. அப்போதுதான் கண் விழித்தது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். சில நானோ வினாடியே நீடிக்கும் பச்சை லேசர்த் துடிப்பை மூளையின் மேற்பரப்பில் குவித்தால், அங்குள்ள இரத்தம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற அற்ப அளவு சூடாகிறது. செல்லுக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கே அவ்விடத்தில் ஏறத்தாழ 800 பாஸ்கல் அழுத்தத்தை எழுப்பப் போதும். நாம் பேசும் ஒலியின் அழுத்தம் ஒரு பாஸ்கலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த அழுத்த அலை நம் காது கேட்காத மீயொலியாக வெளியே வருகிறது. வந்து சேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டால் ஆழம் தெரிகிறது. மலைமேல் மின்னலுக்கு நீங்கள் போட்ட அதே கணக்குதான். உடல் திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். ஆகவே ஒரு மைக்ரோ வினாடி தாமதம் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர்.

சாயம் எதுவும் ஊசியில் ஏற்ற வேண்டியதில்லை. இரத்தமே தன் நிறத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் பளிச்சென்ற சிவப்பு, ஆக்சிஜனை இழந்தது கருஞ்சிவப்பு. 2020-இல் கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே ஒரு சிறு கருவி, அதுவும் இந்த நிற வேறுபாட்டை வைத்துத்தான் ஆக்சிஜனைச் சொன்னது.

இவ்வளவும் இருந்தும் ஒரு குறை நீடித்தது. வேகம் போதவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். லேசர் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் கேட்கும். படம் வேண்டுமென்றால் புள்ளி புள்ளியாக நகர்த்த வேண்டும். நீளத்தில் 500 புள்ளி, அகலத்தில் 500 புள்ளி என்றால் மொத்தம் 2,50,000 புள்ளிகள். வினாடிக்கு 100 புள்ளி வீதம் போனால் ஒரு படத்துக்கு 2,500 வினாடி, அதாவது 40 நிமிடத்துக்கு மேல். தந்துகியில் ஒரு சிவப்பணு வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிவதற்குள் இரத்தம் இரண்டரை மீட்டர் ஓடியிருக்கும்! சுண்டெலியின் முழு நீளமே அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்தப் படத்தில் குழாய் அழகாக இருக்கும், ஓட்டம் இருக்காது. தேரோட்டத்தை ஓவியர் ஒருவர் நாள் முழுதும் உட்கார்ந்து வரைந்தால் எப்படியோ அப்படி. தேர் எங்கே நின்றது என்று அவரிடம் கேட்க முடியாது.

2015-இல் லிகோங் வாங், ஜுன்ஜி யாவோ முதலியோர் அடங்கிய அமெரிக்கக் குழு ஒன்று இந்த இடத்தைத் தாண்டியது. வினாடிக்கு 1,00,000 முறை லேசரை வெட்டிக் கேட்டார்கள். கருவியையோ எலியையோ நகர்த்துவதை மட்டும் நம்பியிருக்கவில்லை. மாறாக, தண்ணீருக்குள்ளேயே ஆடக்கூடிய ஒரு மிகச் சிறிய கண்ணாடியை வைத்தார்கள். போகும் ஒளியையும் திரும்பும் ஒலியையும் அந்த ஒரே கண்ணாடி சேர்த்துத் திருப்பியது. தண்ணீர் எதற்கு? அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் உள்ள ஒலி காற்றில் சற்றுத் தூரம்கூடத் தாங்காது. நம் கணக்கின்படி இப்போது முழுப் படத்துக்கு இரண்டரை வினாடி போதும். 500 புள்ளி கொண்ட ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒரு பார்வைக்கு வினாடியில் 200-இல் ஒரு பங்கு. அதற்குள் நம் சிவப்பணு ஐந்து மைக்ரான்தான் நகரும், தன் அகலத்தைவிடக் குறைவு. இனி அது தப்ப முடியாது. மூளையின் இரத்தக் குழாய்களையும், ஓட்டத்தையும், ஆக்சிஜன் அளவையும், எலி ஓய்வாக இருக்கும்போதும் தூண்டப்படும்போதும் அந்தக் குழு மண்டையோட்டை அகற்றாமலே பார்த்தது.

இன்னும் வேகமாகப் போனால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறதா? நல்ல கேள்வி. வினாடிக்கு 1,00,000 என்றால் இரண்டு வெட்டுகளுக்கு இடையே 10 மைக்ரோ வினாடி. அதற்குள் ஒலி 15 மில்லிமீட்டர் வந்துவிடும், குழப்பம் இல்லை. வினாடிக்குப் பத்து லட்சம் என்றால் இடைவெளி ஒரு மைக்ரோ வினாடி. ஒலி ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும். அதற்கு ஆழத்திலிருந்து வரும் இடி அடுத்த மின்னலின் இடியோடு கலந்துவிடும். எது எதனுடையது என்று பிரிக்க முடியாது. இங்கே தடுப்பது பணமும் அன்று, திறமையும் அன்று. திசுவில் ஒலியின் வேகம். இந்தத் தடையைச் சுற்றிப் போக வழி தேடுபவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் ஒரு வழி தோன்றினால் நோட்டில் எழுதி வையுங்கள்.

"மூளையைப் படிக்கும் அதிசயக் கருவி விரைவில் மருத்துவமனைகளில்" என்று தலைப்பிடும் செய்திகளை நான் விரும்புவதில்லை. எலியின் மண்டையோடு மெல்லியது. ஒளியும் ஒலியும் ஊடுருவும். நம் மண்டையோடு பல மில்லிமீட்டர் கனம். இரண்டு கெட்டி ஓடுகளுக்கு நடுவே பஞ்சு போன்ற எலும்பு. ஒளி அங்கே சிதறிப்போகிறது. திரும்பும் ஒலி வளைந்து நசுங்கி வருகிறது. நுண்ணோக்கி கேட்கும் ஆழமே ஒரு மில்லிமீட்டர் அளவுதான். 2021-இல் லிகோங் வாங் குழுவினர் மனித மூளையின் இரத்த மாற்றங்களை ஒளியொலி முறையில் பார்த்ததாக எழுதினார்கள். உண்மைதான், ஆனால் அந்த நோயாளிகள் ஏற்கெனவே அறுவைச் சிகிச்சையில் மண்டையோட்டின் ஒரு பகுதி எடுக்கப்பட்டவர்கள். கருவியும் நுண்ணோக்கி அன்று. அதன் பெரிய அண்ணன். ஆகவே சிவகிரியில் நாளை பக்கவாதம் வருபவருக்கு இந்த நுண்ணோக்கி நேராக உதவாது. தந்துகிகள் ஏன் திறக்க மறுக்கின்றன என்பதை எலியில் கண்டறிந்து, அதற்கு ஒரு மருந்தோ முறையோ கிடைத்தால், அந்த மருந்து அவருக்கு உதவும். சுற்றுவழிதான். சுற்றுவழி என்பதற்காக அதைப் பயனற்றது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி நம் பக்கம் பார்ப்போம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, செல் தெரியும் அளவுக்குப் படம் எடுத்து வருகிறது. கருவில் இருக்கும் சிசுவின் மூளையை 5,000-க்கு மேற்பட்ட சீவல்களாகக் காட்டும் 'தரணி' என்ற படத்தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டு உலகத்தார் யாரும் பார்க்கத் திறந்து வைத்தது. நாம் பெருமைப்பட வேண்டிய வேலை இது. ஆனால் இது அசையாத மூளையின் வரைபடம். வாய்க்கால்களின் வரைபடம் தயாராகிறது. தண்ணீர் ஓடுவதைப் பார்க்கும் பாதியை நாம் இன்னும் போதிய அளவில் கையில் எடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

எடுக்க முடியாததும் அன்று. மலைக்கு அப்பால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக ஒளியொலி விளைவைக் கொண்டு பொருள்களின் வெப்பப் பண்புகளை அளந்திருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஊசி குத்தாமல் சர்க்கரையை அளக்க அதே விளைவைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். அதே கழகத்தில் படித்த மனோஜித் பிராமாணிக் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, பெரிய மேசையை அடைக்கும் விலையுயர்ந்த லேசருக்குப் பதிலாக, கையில் அடங்கும் லேசர் டையோடை வைத்து வினாடிக்கு 7,000 துடிப்புகள் கொடுத்து, எலியின் மூளை இரத்தக் குழாய்களைச் சில வினாடிகளில் படம் எடுத்தார். தந்துகி தெரியாது, பெரிய குழாய்கள் தெரியும். எனக்கு இந்த வேலையின்மீது தனி மதிப்பு உண்டு. கல்லூரி ஆய்வகம் ஒன்று எட்டிப் பிடிக்கக்கூடிய விலைக்கு இது ஒரு நாள் வரும்.

ஆனால் அதைக் கட்டப்போவது யார்? பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம் வீடுகளில் ஒரு தீர்ப்பு எழுதப்படுகிறது. மூளை, இதயம் என்று ஆசைப்படுகிறவள் உயிரியலுக்குப் போக வேண்டும். கணக்கு வருகிறவன் வேறு பக்கம் போக வேண்டும். உயிரியல் பிரிவு எடுத்த ஒரு மாணவி என்னிடம், "சார், டாக்டராகப் போகிறவளுக்கு இந்த ஒலியியல் எல்லாம் எதற்கு? மார்க்குக்குத்தானே?" என்று கேட்டாள். அவள்மேல் தவறில்லை. இயற்பியலைச் சுங்கச்சாவடி போலத்தான் நாம் வைத்திருக்கிறோம். கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தாண்டிப் போக வேண்டிய இடம். ஒளி ஒரு பாடம், வெப்பம் ஒரு பாடம், ஒலி ஒரு பாடம். மூன்றும் ஒரே துளி இரத்தத்தில் ஒரே மைக்ரோ வினாடியில் நடக்கின்றன என்பதைப் பாடம் நடத்தும் நாங்களும் சொல்வதில்லை. செய்முறை வகுப்போ, பல இடங்களில் ரெக்கார்டு நோட்டு எழுதும் வகுப்பாக மாறிவிட்டது. அது மாறாமல் மூளை ஆராய்ச்சிக்கு எத்தனை மையம் திறந்தாலும், உள்ளே வைக்கும் கருவி வெளிநாட்டிலிருந்து பெட்டியில்தான் வந்து இறங்கும்.

ஆகவே ஆசிரியர் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே பெல் செய்ததைச் செய்யலாம். மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மெழுகுவத்திப் புகையால் அதன் உட்புறத்தின் ஒரு பாதியில் கரி பிடிக்கச் செய்யுங்கள். மறுபாதி தெளிவாக இருக்கட்டும். மூடியில் சிறு துளை இட்டு ஒரு ரப்பர்க் குழாயைச் செருகுங்கள். அட்டையை வட்டமாக வெட்டி, ஓரத்தில் சம இடைவெளியில் 20 பிளவுகள் வெட்டி, பொம்மை மோட்டாரில் பொருத்துங்கள். பழைய 100 வாட் குண்டு பல்புக்கும் பாட்டிலுக்கும் நடுவே அட்டையைச் சுழலவிட்டு, தெளிவான பக்கத்தின் வழியே ஒளி கரிமேல் விழும்படி வைத்துக் குழாயைக் காதில் வையுங்கள். லேசர் வேண்டாம்; சூரியனை நேராகப் பார்க்கவும் வேண்டாம். அட்டை வினாடிக்குப் பத்து முறை சுழன்றால் 200 ஹெர்ட்ஸ் ரீங்காரம் மெல்லியதாகக் கேட்கும். மோட்டார் சத்தம் தனியே கேட்கிறதா என்று அறிய, பாட்டிலுக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு புத்தகத்தை நீட்டுங்கள். ரீங்காரம் நின்றால் நீங்கள் கேட்டது ஒளியைத்தான். பிறகு கரி பூசாத வேறொரு பாட்டிலில் கறுப்புத் துணி, சிவப்புத் துணி, வெள்ளைத் துணி என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எது உரக்கப் பாடியது, எது பாடவே இல்லை என்பதை வரிசைப்படுத்தி இந்த இதழுக்கு எழுதுங்கள்.